ராசா தலைகீழாக நின்ற கதையின் மீதி

இப்போது படம் தலைகீழாக வரவே வராதாம். மன்னார் நகரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் மண்டபத்தில் படம் ஓட்டுகிற பிள்ளை சொன்னான். போன மாதம் ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போய்த் திரும்பும்போது, ஒரு ஆசைக்கு அந்த மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தேன். ஏசி போட்ட சின்ன அறை. அலுமாரி அளவில் ஒரு மெஷின், பக்கத்தில் ஒரு கொம்பியூட்டர். பிள்ளை கதிரையில் சாய்ந்திருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஒருக்கா அமத்தினாச் சரி ஐயா. பிறகு தன்ர பாட்டில ஓடும்" என்றான்.

நானும் இந்தத் தொழில்தான் செய்தவன், இருபது வருசத்துக்கு மேல் ஒப்பரேற்றராக இருந்தவன் என்று சொன்னதும் எழும்பிக் கதிரையைத் தந்தான். பிறகு கேட்டான்: "அப்ப அந்த ராசாவைக் கவிட்ட மனேச்சரோட வேலை செய்தது நீங்களோ?"

ஓம் என்றேன். உடனே தன் போனில் ஒரு வாசிகசாலை மலரைத் திறந்து காட்டினான். அதில் எங்கள் மனேச்சரைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலாந்து ராசாவின் படத்தைத் திரையில் வேண்டுமென்றே தலைகீழாகக் காட்டி ஆட்சியையே ஆட்டிய வீரர் என்று யாரோ ஒருவர் புகழ்ந்து தள்ளியிருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. எழுதியவர் மேல் பிழையில்லை, ஊர் சொன்னதை எழுதியிருக்கிறார். ஆனால் அது பாதிக் கதை. மீதியை மண்டபம் நிறையச் சனம் கேட்டது. அவர்களில் பாதிப்பேர் செத்துப்போனார்கள், மிச்சப்பேர் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். ஆகையால் நான் எழுதுகிறேன்.

என் பெயர் செபமாலை. பேசாலைக்காரன். கடலுக்குப் போகிற குடும்பம். எனக்குக் கடல் ஒத்துவரவில்லை, வள்ளத்தில் ஏறினால் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும். இருபது வயதில் ஒரு மாமா மன்னார்ப் படமாளிகை மனேச்சரிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். படம் சுற்றப் பழகினேன், அறுந்த பிலிமை ஒட்டப் பழகினேன், வெளிச்சத்துக்கு எரிக்கிற கரிக்குச்சியை அணையாமல் நெருக்கிக்கொடுக்கப் பழகினேன். ஒருமுறை பத்து அடி பிலிமைக் கருக்கினேன். மூன்றாம் வருசம் ஒப்பரேற்றர் ஆனேன். அவ்வளவுதான் என் படிப்பு.

மனேச்சரின் பெயர் மீரான். எருக்கலம்பிட்டி ஆள். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்; ஊரெல்லாம் மீரான் நானா என்று கூப்பிடும், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட், தலையில் தொப்பி. யாரையும் ஏசமாட்டார். பிழை விட்டால் பக்கத்தில் வந்து நின்று, "தம்பி, இன்னொருக்காச் செய்யும், பாப்பம்" என்பார். அவர் ஏசியிருந்தால் நல்லது என்று அப்போது தோன்றும்.

சும்மா சொல்லக்கூடாது, மனிசன் வாயில் பொய் வராது. கொழும்பிலிருந்து படப்பெட்டி ரெயிலில்தான் வரும். சில நாள் ரெயில் வழியில் மதவாச்சியிலேயே படுத்துவிடும். வேறு மண்டபக்காரர் என்றால் "இந்தா வருகுது, அந்தா வருகுது" என்று சொல்லிச் சனத்தை இருத்திவைப்பார்கள். மீரான் நானா வாசலில் நின்று, "பெட்டி வரேல்லை. எப்ப வரும் எண்டு எனக்குத் தெரியாது. போறவை போங்கோ, நிக்கிறவை நில்லுங்கோ" என்பார். தலைமன்னாரிலிருந்தும் வங்காலையிலிருந்தும் வந்த சனம் முணுமுணுத்துக்கொண்டு போகும். அடுத்த கிழமை அதே சனம் திரும்பி வரும்.

இனிச் சிலைட் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

படம் தொடங்க முன்னும் இடைவேளையிலும் விளம்பரம் காட்டுவோம். அது ஓடுகிற படம் இல்லை, உள்ளங்கை அளவில் சதுரக் கண்ணாடி. புடைவைக்கடை, சைக்கிள்கடை, மடுத் திருவிழாவுக்கு பஸ் போகிற நேரம், எல்லாம் அப்படித்தான். அவசரத்துக்கு மீரான் நானாவே சிலைட் செய்வார். விளக்குச் சிமினியின் புகையில் வெறுங்கண்ணாடியைப் பிடித்துக் கறுப்பாக்கி, ஊசியால் அதில் எழுதுவார். "தாழ்வுபாடு வள்ளக்காரர் கவனம், காற்று மாறுகிறது." "அடம்பன் இன்னார் உடனே வீட்டுக்கு வரவும், பிள்ளை பிறந்திருக்கிறது." சனம் கைதட்டி அந்த ஆளை வழியனுப்பும். செத்தவீட்டுச் செய்தியை மட்டும் திரையில் போடமாட்டார். தானே ரோர்ச் லைற்றோடு இறங்கிப் போய், ஆளைத் தேடிப் பிடித்துத் தோளில் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு போவார்.

இந்தக் கண்ணாடியை மெஷினுக்குள் தலைகீழாகத்தான் செருக வேண்டும். நடுவில் இருக்கிற வில்லை அதை நிமிர்த்தித் திரையில் காட்டும். நேராகச் செருகினால் திரையில் தலைகீழாக வரும். கேட்கச் சுகமாக இருக்கும், செய்யும்போது புத்தி ஏற்காது. ஒரு மனிசரின் முகம் கையில் இருந்தால் கை தன்பாட்டில் அதை நிமிர்த்தித்தான் பிடிக்கும். அறையோ இருட்டு. ஆகையால் ஒவ்வொரு சிலைட்டிலும் ஒரு அடையாளம் வைப்போம். படத்தை நேராகப் பிடித்துப் பார்த்தால் இடது பக்கக் கீழ் மூலையில் ஒரு பொட்டு. தலைகீழாகத் திருப்பினால் அது வலது மேல் மூலைக்கு வந்துவிடும். வலது பெருவிரல் பொட்டைத் தொட்டால் கண்ணை மூடிக்கொண்டு செருகலாம்.

அந்தப் பொட்டுக்கு மீரான் நானா பாவித்தது பெண்டுகளின் சிவப்பு நகப்பூச்சு. மையைப் போல மட்டமாக இராது, தடிப்பாகக் காயும், விரலுக்குத் தெரியும். பசாரில் போய் அதை வாங்கும்போது கடைக்காரப் பெடியள், "என்ன நானா, புதுசா ஒண்டு கட்டிட்டீங்களோ?" என்று பகிடி பண்ணுவார்கள். அவர் சிரிக்கமாட்டார். "தடிப்பானதாத் தாங்க தம்பி" என்று மட்டும் சொல்லுவார். புதுக் கண்ணாடி வந்தால் முதல் வேலை பொட்டு. பொட்டு வைத்ததும் ஒருமுறை செருகிப் பார்க்க வேண்டும். அதில் அவருக்கு ஒரு வெறி மாதிரி. நான் அதை வயதுக்கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவுக்கும் ஊரில் அவருடைய பெரிய பெயர், ராசாவைக் கவிட்ட மீரான். அந்தக் கதையை எனக்குச் சொன்னவர் அவரில்லை, பவிலு அண்ணை.

பவிலு அண்ணை தலைமன்னார் ஆள். எங்கள் மண்டபத்தில் கலரி என்கிற மலிவு வகுப்பின் முதல் வரிசைப் பெஞ்சு, அந்த முன்வாங்கு, அவருடையது. வாரம் ஒருமுறை பகல் காட்சிக்கு வருவார். வாசலில் யாரும் அவரிடம் டிக்கற் கேட்கமாட்டார்கள், அது மீரான் நானாவின் கட்டளை. தடித்த உடம்பு, பெரிய கை. கதை சொல்லத் தொடங்கினால் தலைமன்னார்க் கடற்கரை வரை கேட்கும்.

அவர் சொன்ன கதை இது. உலக யுத்த காலம். தலைமன்னார் இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஒரு கூடாரக் கொட்டகை போட்டுப் படம் காட்டினார்கள். அங்கே ஒப்பரேற்றர் இளந்தாரி மீரான். அந்த நாளில் படம் முடிந்ததும் ராசாவின் படத்தைத் திரையில் போட்டு, ராசாப் பாட்டு இசைத்தட்டை வைப்பார்கள். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். சனம் நிற்காது. படத்தில் கடைசிச் சண்டை முடிகிறபோதே கூடாரச் சீலையைக் கிளப்பிக்கொண்டு நாலு பக்கத்தாலும் ஓடிவிடும். பாட்டுக்கு நிற்பது வெறும் வாங்குகளும் ஒரு பொலிஸ்காரனும்தான்.

"நாங்கள் ஒண்டும் காந்திமாரில்லை தம்பி" என்பார் பவிலு அண்ணை. "ஆனா அந்தப் பாட்டுக்கு நிக்க எங்களுக்கு மனமில்லை. அவ்வளவுதான்."

துரைமாருக்கு இது தெரிந்துவிட்டது. யுத்த நிதிக்கென்று ஒரு விசேசக் காட்சி வைத்தார்கள். இறங்குதுறையில் பாரம் ஏற்றுகிறவர்கள் எல்லோரும், பவிலு அண்ணையும்தான், வந்தே ஆக வேண்டும் என்று அவர்களுக்குக் கூலி கொடுக்கிற கொந்தராத்துக்காரர் உத்தரவு. சனம் ஓடாமல் இருக்க, ராசாவை முதலிலேயே காட்டுவது என்று முடிவு. வெள்ளைக்காரத் துரை ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். பாட்டு வந்தது. எல்லோரும் எழும்பினார்கள். திரையில் ராசா வந்தார், தலை கீழே, மார்புப் பதக்கமெல்லாம் மேலே.

ஒரே ஒரு ஆள் வாங்கில் ஏறி நின்று கைதட்டினார். அவர்தான் பவிலு அண்ணை. அதற்குப் பிறகு கொட்டகை முழுக்கத் தட்டியது.

மீரானை மூன்று நாள் அடைத்து வைத்தார்கள். கொட்டகையின் லைசனைப் பறித்தார்கள். பவிலு அண்ணையை அடுத்த நாளே கொந்தராத்துக்காரர் வேலையால் நிற்பாட்டினார். மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். அதன் பிறகு எந்தக் கொந்தராத்துக்காரரும் அவரை எடுக்கவில்லை. மற்றவர்களுக்குக் கரைவலை இழுத்தே பிள்ளைகளை வளர்த்தார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு துளி வருத்தம் இராது. "அவன் கவிட்டான், நான் தட்டினன்" என்பார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே அந்த மனிசன் முப்பது வருசம் நிமிர்ந்து நடந்தார். பிள்ளைகளின் கலியாணங்களிலும் அதே கதைதான்.

பவிலு அண்ணை இதைச் சொல்லும்போது மீரான் நானா பக்கத்தில் இருந்தால், ஏதாவது வேலை இருக்கிற மாதிரி எழுந்து போய்விடுவார். அடக்கமான மனிசன் என்று நாங்கள் இன்னும் மெச்சினோம்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

எனக்குக் கலியாணம் முடிந்து ஒரு வருசம். மனைவிக்கு எட்டாம் மாதம். கொழும்பிலிருந்து ஒரு மந்திரி மன்னாருக்கு வர இருந்தார். பெயர் வேண்டாம். அவரை வரவேற்கிற சிலைட் ஒன்றைப் பகல் காட்சிக்கு முன் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், வேலை செய்கிற கிளாக்கர் ஒருவர் கொண்டுவந்து தந்தார். மந்திரியின் முகம், கீழே "வருக வருக". கட்டாயம் அன்றே காட்ட வேண்டும் என்றார்.

அந்தக் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெடியளைச் சுவரில் எழுதினான், கறுப்புக்கொடி கட்டினான் என்று பொலிஸ் பிடித்துக்கொண்டு போன காலம். போனால் எப்போது வருவான் என்று தாய்தகப்பனுக்குத் தெரியாது. அரசாங்கத்தின் மேல் சனத்துக்கும் கொதிப்பு, சனத்தின் மேல் பொலிசுக்கும் கொதிப்பு.

கண்ணாடியில் பொட்டு இல்லை. நகப்பூச்சை எடுத்தேன். அளவு சரியோ என்று பார்க்க, முதலில் கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பிச் சட்டத்துக்குள் விட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. அந்த நேரம் கிளாக்கர் தொணதொணவென்று மந்திரியின் பயண விபரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டே, வெளியே எடுத்த கண்ணாடியைத் திருப்பாமல், இருந்த நிலையிலேயே இடது கீழ் மூலையில் பொட்டை வைத்துவிட்டேன். அதாவது ஏற்கெனவே தலைகீழாக இருந்த படத்துக்கு, நேராக இருக்கிற படத்துக்கு வைப்பதுபோல் வைத்தேன். பொட்டு வைத்த பிறகு செருகிப் பார்க்கவும் இல்லை. மணி அடித்துவிட்டது.

இருட்டில் விரல் பொட்டைத் தொட்டது. செருகினேன்.

கீழேயிருந்து விசில். பிறகு வாங்குகளில் அடிக்கிற சத்தம். அறைச் சுவரில் இருக்கிற பொந்து வழியாகத் திரையைப் பார்த்தேன். மந்திரி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். வரவேற்பு எழுத்துகள் அவருடைய கால்மாட்டில், இல்லை, தலைக்கு மேல், எங்கேயோ கிடந்தன. ஐயோ மாதாவே என்று கண்ணாடியை இழுத்தேன். விரலும் சுட்டது. எடுத்தும் பயனில்லை. பல்கனியில் குடும்பத்தோடு பொலிஸ் இன்ஸ்பெக்டர் இருந்தார். "லைற்றைப் போடு!" என்று கத்தினார்.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆள். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மேலிடத்துக்குப் பயந்தவர், அதுதான் வில்லங்கம். நேரே என் அறைக்கு வந்து சேட் கொலரில் பிடித்து என்னைக் கீழே மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார். மீரான் நானா ஓடிவந்தார்.

"ஐயா, இது கைப்பிழை" என்றார்.

"கைப்பிழையோ? மந்திரி வாற கிழமை பாத்துக் கைப்பிழை வருமோ?"

"எல்லாருக்கும் வரும் ஐயா. உங்களுக்கும் வரும். ஒருக்கா மேல வந்து நீங்களே ஒரு சிலைட்டைப் போட்டுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் ரோசக்காரர். விடுவிடென்று மேலே ஏறினார். மீரான் நானா சோப்பு விளம்பரச் சிலைட் ஒன்றை அவர் கையில் கொடுத்தார். என்னை ஒரு பொலிஸ்காரர் கீழே பிடித்துக்கொண்டு நின்றார். விளக்கு அணைந்தது. திரையில் சோப்புப் போடுகிற பெண் தலைகீழாக வந்து நின்றாள். மண்டபம் வெடித்துச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அழுகையும் வந்தது.

இன்ஸ்பெக்டர் கீழே வந்தபோது அவர் முகத்திலும் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. தப்பினேன் என்று நினைத்தேன். அப்போது என்னைப் பிடித்திருந்த பொலிஸ்காரர், எங்கள் ஊர்க்காரர்தான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொன்னார்: "சேர், இந்த மனேச்சர்தான் வெள்ளைக்காரன்ர காலத்தில ராசாவைக் கவிட்டவர்."

இன்ஸ்பெக்டர் நின்றார். மீரான் நானாவை மேலும் கீழும் பார்த்தார்.

"அது நீரோ? கேள்விப்பட்டனான்" என்றார். "அப்ப இது பரம்பரைத் தொழில். ராசாவை வேணுமெண்டு கவிட்ட ஆள், மந்திரியைக் கவிழ்க்கப் பெடியனைப் பழக்கி வைச்சிருக்கிறீர். என்ன?"

"இல்லை ஐயா."

"என்ன இல்லை? உம்மட கொட்டகையில அண்டைக்கு நடந்ததும் இண்டைக்கு நடந்ததும் ஒண்டு. அது வேணுமெண்டு செய்ததெண்டால் இதுவும் வேணுமெண்டுதான். பெடியனைக் கொண்டுபோறன். அது பிழையெண்டால் இதுவும் பிழை, விட்டிட்டுப் போறன். ஊர் முழுக்க இருக்குது, ஊருக்கு முன்னால சொல்லும். ராசாவை நீர் வேணுமெண்டு கவிட்டனீரோ, இல்லையோ?"

விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மண்டபம் முழுவதும் மீரான் நானாவைப் பார்த்தது. அவர் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. முன்வாங்கைப் பார்த்தார். அங்கே பவிலு அண்ணை தன் பெரிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார், சொல்லும் மீரான், நல்லாச் சொல்லும் என்கிற முகத்தோடு.

அந்த நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் போய்ச் சேரப் போகிறேன், என் பிள்ளையின் முகத்தைக் காணமாட்டேன் என்பது மட்டும்தான் மனதில். மீரான் நானா ஏன் தாமதிக்கிறார் என்று கோபம்கூட வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"பிழைதான் ஐயா" என்றார் மீரான் நானா.

"சத்தமாச் சொல்லும்."

"பிழை. அண்டைக்கும் பிழைதான்."

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு இன்ஸ்பெக்டருக்குச் சொல்வதுபோல் தொடங்கினார், ஆனால் சொன்னது முன்வாங்குக்குத்தான்.

"அந்தத் துரை எனக்குப் பக்கத்தில வந்து நிண்டார், மெஷின் பாக்க. ராசாட கண்ணாடி என்ர கையில. தலைகீழாத்தான் செருக வேணும் எண்டு எனக்குத் தெரியும். தினமும் செருகிறவன். ஆனா துரை பாத்துக்கொண்டு நிக்கிறார். அவருக்கு முன்னால அவையிட ராசாவை எப்படித் தலைகீழாப் பிடிக்கிறது? மரியாதையில்லை எண்டு அடிப்பாரோ எண்டு பயம். துரைக்கு வடிவாத் தெரியட்டும் எண்டு ராசாவை நிமித்திப் பிடிச்சன். அந்தப் பயத்தில அப்படியே செருகிப்போட்டன். அவ்வளவுதான் ஐயா. நான் வீரனில்லை. பயந்து செய்தது."

தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே மேலும் சொன்னார்.

"மூண்டு நாளும் துரைக்குப் பிழை பிழை எண்டுதான் சொன்னன். அவர் நம்பேல்லை. விட்டதும் வெளிய வந்து ஊருக்கும் சொல்லத்தான் இருந்தன். வாசல்ல பவிலு அண்ணை நிண்டார். வேலை போய்ட்டுது மீரான், போனாப் போகட்டும், நீர் கவிட்டீர் நான் தட்டினன் எண்டு என்னைக் கட்டிப்பிடிச்சார். அதுக்குப் பிறகு என்னெண்டு சொல்லுறது? பிழையா விழுந்த படத்துக்காக நீங்கள் பிள்ளையளைப் பட்டினி போட்டீங்கள் எண்டு சொல்லச் சொல்லுறீங்களோ?"

இன்ஸ்பெக்டருக்கு இந்தப் பதில் போதும். இன்னும் சொன்னால், அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, சரி. பெடியனை விடு. இனிச் செருகிப் பாத்திட்டுப் போடுங்கோ" என்று பல்கனிக்குத் திரும்பிப் போனார். என் கையைப் பிடித்திருந்தவர் விட்டார்.

நான் விடுபட்டுவிட்டேன். மேலே ஓட வேண்டும், படம் போட வேண்டும். அங்கேயே நின்றேன். மண்டபத்தில் ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை. எல்லாக் கண்ணும் பவிலு அண்ணையில். அவர் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு வழிந்து போய்விட்டது. உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கரைவலைக் கயிறு அறுத்துத் தழும்பேறிய கைகள். பின்னால் ஒரு இளந்தாரி மெல்லச் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர் அவன் தலையில் ஒன்று போட்டார்.

மீரான் நானா முன்வாங்குக்கு முன்னால் போய் நின்றார்.

"பவிலு அண்ணை, முப்பது வருசமா உங்களை ஏமாத்திப்போட்டன். என்னை மன்னியுங்கோ" என்றார். சொல்லும்போது அழுதார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். என்னால்தான் அழுதார்.

பவிலு அண்ணை வாங்கில் கையூன்றி எழும்பினார். மீரான் நானாவைவிட ஒரு தலை உயரம். அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன்.

"மீரான்," என்றார். "நீர் பயந்து போட்டீரோ, துணிஞ்சு போட்டீரோ, அது உமக்கும் அல்லாவுக்கும் உள்ள அலுவல். எனக்கென்ன? அந்த ராசா தலைகீழா நிண்டார். பாத்தன். தட்டினன். ஆர் கவிட்டது எண்டு பாத்து நான் தட்டேல்லை."

பிறகு சனத்தின் பக்கம் திரும்பி, கடற்கரை வரை கேட்கிற அந்தக் குரலில் சொன்னார்:

"படம் பிழையா விழுந்திருக்கலாம். நான் பிழையாக் கை தட்டேல்லை."